கட்டையும் கம்பியும்: தானாக வாசிக்கும் பியானோ குறித்து வாசகர் கேள்விகள்

பியானோ, ஆர்மோனியம், ஆர்கன் பழுதுபார்ப்பு பற்றிய இந்தப் பகுதியில் சென்ற இதழில் 'பியானோலா' என்ற தானியங்கிப் பியானோவைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன். காகிதச் சுருளில் உள்ள துளைகளைப் படித்து அது வாசிக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், ஆர்மோனியக்காரர்கள் இந்த மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

துளை என்றால் இருக்கிறது, அல்லது இல்லை. இரண்டே நிலை. அப்படியிருக்க, அந்தப் பியானோ ஓரிடத்தில் மெல்லவும் ஓரிடத்தில் ஓங்கியும் வாசிப்பது எப்படி? (கோவையிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்)

சுரத்துக்கான துளை, எந்தக் கட்டை எப்போது என்பதை மட்டும்தான் சொல்கிறது, தம்பி. எவ்வளவு பலமாக என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் காற்று தீர்மானிக்கிறது.

ஆர்மோனியத்தின் துருத்தி காற்றை 'ரீடு' எனப்படும் நாக்குகளின் வழியே வெளியே தள்ளுகிறது. பியானோலா இதற்கு நேர்மாறு. அதன் துருத்திகள் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டே இருக்கும். காகிதச் சுருள் ஒரு பித்தளைச் சட்டத்தின் மேல் ஓடுகிறது. சட்டத்தில் கட்டைக்கு ஒன்றாக வரிசையாகத் துளைகள். காகிதத்தின் துளை அதற்கு நேரே வந்ததும் வெளிக்காற்று குழாய்க்குள் புகுந்து, மெல்லிய தோலால் ஆன ஒரு சிறு பையை உப்ப வைக்கிறது. பை வால்வைத் தூக்குகிறது. உடனே அந்தக் கட்டைக்கு உரிய விரல் நீளத் துருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு, அது சட்டென்று ஒடுங்குகிறது. ஒடுங்கும் வேகத்தில் சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது.

உறிஞ்சும் விசை குறைவென்றால் துருத்தி சோம்பலாக ஒடுங்கும். சுத்தியல் மெல்லத் தட்டும். விசை அதிகமென்றால் ஓங்கி அடிக்கும். இதைப் பட்டறையில் நீரை வைத்து அளப்போம்: வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்பதே கணக்கு. காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒலிக்க ஐந்தாறு அங்குலம் போதும். கூடம் அதிர வேண்டுமென்றால் இருபதுக்கு மேல் வேண்டும்.

டெட்ராய்ட் நகரில் எட்வின் வோட்டி 1895இல் செய்த முதல் பியானோலாவில் இந்த விசையைத் தந்தவை மனிதரின் கால்கள். மிதியை அழுத்தி மிதித்தால் ஓங்கிய ஒலி, தளர்த்தினால் மெல்லிய ஒலி. வேகத்துக்குக் கையில் ஒரு நெம்புகோல். ஆகவே அந்த இயந்திரத்தில் இசையின் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கருவி, மிதித்துக்கொண்டிருப்பவர்தான். காலில் நயமுள்ளவர் மிதித்தால் அது இசை. சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் மிதிப்பவர்கள்தான் பியானோலாவுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தார்கள்.

மெட்டும் துணைச்சுரங்களும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது மெட்டு மட்டும் எடுப்பாகக் கேட்கிறதே! 88 கட்டைக்கும் தனித்தனி விசையா? (திருச்சியில் பியானோ கற்றுத்தரும் ஆசிரியை)

இல்லை, அம்மா. அப்படிச் செய்திருந்தால் பெட்டி ஒரு லாரி அளவுக்குப் போயிருக்கும். கட்டைப் பலகையை நடுவில் இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதிக்கு ஒரு விசை, மேல்பாதிக்கு ஒரு விசை என்று வைத்தார்கள். அவ்வளவுதான் உள்ளது. ஒரு பாதிக்குள் ஒரே கணத்தில் அடிக்கும் எல்லாச் சுத்தியல்களும் ஒரே பலத்தில்தான் அடிக்கும்.

இதிலிருந்து தப்பிக்க, பியானோலாவை விற்ற ஏயோலியன் நிறுவனத்தார் கண்டுபிடித்த வழிக்கு 'தெமோடிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது. சுருளின் இரு ஓரங்களிலும் இரட்டை இரட்டையாகக் குட்டித் துளைகள் போட்டிருப்பார்கள். பாம்பு கடித்த தடம்போல் இருப்பதால் ஆங்கிலேயத் தொழிலாளிகள் அப்படியே அழைத்தார்கள். இந்த இரட்டைத் துளை வரும் கணத்தில் அந்தப் பாதிக்குரிய விசை குபீரென்று ஏறி, துளை கடந்ததும் பழைய நிலைக்கு இறங்கிவிடும். மெட்டுச் சுரத்தின் துளையைத் துணைச்சுரங்களின் துளைகளிலிருந்து மயிரிழை அளவு விலக்கி வெட்டியிருப்பார்கள். ஆகவே விசை ஏறி நிற்கும் அந்தக் கண நேரத்தில் மெட்டுச் சுரம் மட்டும் அகப்படும். மற்றவை தாழ்ந்த விசையிலேயே ஒலித்திருக்கும்.

அந்த விலகல் காதுக்குத் தெரியாதா என்று அடுத்து எழுதுவீர்கள். கணக்குப் பார்ப்போம். சுருளில் 'வேகம் 70' என்று அச்சிட்டிருந்தால் காகிதம் நிமிடத்துக்கு 7 அடி ஓடுகிறது என்று பொருள். அதாவது நொடிக்கு 1.4 அங்குலம். ஓர் அங்குலத்தின் இருபதில் ஒரு பங்கு விலக்கினால் நொடியில் நூற்றில் மூன்று, நான்கு பங்கு வித்தியாசம். கையால் வாசிக்கும் நல்ல கலைஞரின் விரல்களும் ஒரு கூட்டுச்சுரத்தின் எல்லாக் கட்டைகளையும் துல்லியமாக ஒரே கணத்தில் அழுத்துவதில்லை. உங்கள் மாணவர்களை உற்றுக் கேளுங்கள், இதைவிடப் பெரிய விலகல்கள் கிடைக்கும்.

வெல்டே, டுவோ-ஆர்ட், அம்பிகோ என்று மூன்று பெயர்களைப் பார்க்கிறேன். என்ன வேறுபாடு? எது சிறந்தது? (மதுரை வாசகர்)

மூன்றும் காலால் மிதிக்க வேண்டாதவை. மின்விசையால் காற்றை உறிஞ்சுபவை. ஒரு குறிப்பிட்ட கலைஞர் வாசித்ததை, அவருடைய ஏற்ற இறக்கத்தோடு திரும்பத் தருவோம் என்று சொல்லி விற்கப்பட்டவை.

முதலில் வந்தது வெல்டே-மிஞோன். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் எட்வின் வெல்டேயும் அவருடைய மைத்துனர் கார்ல் போக்கிஷும் 1904இல் கொண்டுவந்தார்கள். சிவப்புக் காகிதச் சுருள்; சட்டத்தில் 100 துளை, அதில் 80 சுரங்களுக்கு, மீதி 20 கட்டளைகளுக்கு. இவர்கள் படிகள் வைக்கவில்லை. விசையைக் கட்டுப்படுத்தும் ஒரு துருத்தி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். 'ஏறு' என்று ஒரு துளை சொன்னால் ஏறத் தொடங்கும், 'நில்' என்ற கட்டளைத் துளை வரும்வரை ஏறும். விரைந்து ஏற வேறொரு துளை. நடுவில் ஒரு கொக்கி உண்டு. அது விழுந்தால், நடுத்தர ஒலிக்குக் கீழே இருக்கும் துருத்தி அதைத் தாண்டி ஏற முடியாது, மேலே இருப்பது அதற்குக் கீழே இறங்க முடியாது. எந்தக் கணத்திலும் ஒலி எவ்வளவு என்பது, ஏறத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்தது. அலைபோல ஏறி இறங்கும் இசைக்கு இதைவிட இயல்பான முறை இல்லை. ஆனால் ஒரு சிறு கசிவு ஏற்பட்டு அந்தத் துருத்தி அரை நொடி தாமதித்தால் போதும், ஏற்றம் முழுவதும் தவறான இடத்தில் போய் விழும். சாதாரணப் பியானோவின் முன்னால் நகர்த்திவைத்து, கம்பளி உறை போட்ட மரவிரல்களால் கட்டைகளை அழுத்தும் தனிப் பெட்டியையும் இவர்கள் செய்தார்கள். அதை முதன்முறை பார்ப்பவர்கள் சற்று மிரள்வார்கள்.

அமெரிக்காவில் ஏயோலியன் நிறுவனம் 1913ஐ ஒட்டி டுவோ-ஆர்ட்டைக் கொண்டுவந்தது. அது படிக்கட்டு முறை. நான்கு குட்டித் துருத்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஒன்று ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு ஒடுங்கும், அடுத்தது எட்டில் ஒன்று, பிறகு கால், பிறகு அரை. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்ற நான்கு படிக்கற்களை வைத்துக்கொண்டு பதினைந்து வரை எந்த எடையையும் நிறுத்துக் கொடுக்கும் மளிகைக்கடைக்காரரைப்போல, நான்கு துருத்திகளைக் கொண்டு 16 நிலைகள். இதுபோல இரண்டு அடுக்குகள்: ஒன்று மெட்டுக்கு, ஒன்று துணைக்கு. இரட்டைக் குட்டித் துளை வரும்போதெல்லாம் மெட்டின் அடுக்கு பொறுப்பேற்கும். கோவை மாணவர் கவனிக்க: இருப்பது, இல்லாதது என்ற இரண்டே நிலையை வைத்து 16 அளவுகளைச் சொல்லிவிட்டார்கள், கணினி வருவதற்கு முன்பே. இந்தக் கட்டளைகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கீழ்க்கோடியில் நான்கு கட்டைகளையும் மேல்கோடியில் நான்கு கட்டைகளையும் தியாகம் செய்தார்கள்.

அம்பிகோ, சார்லஸ் ஃபுல்லர் ஸ்டாடர்டின் கைவண்ணம். இவர் இரண்டையும் கலந்தார். ஒவ்வொரு பாதிக்கும் மூன்று ஒலிப்படிகள், அவற்றின் மேல் மெல்ல ஏறவும் விரைந்து ஏறவும் தனி அமைப்பு. 1929இல் இதன் புதிய வடிவத்தை உருவாக்கியவர் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர். அதற்குமுன் ராபர்ட் கொடார்டுடன் ராக்கெட் ஆய்வில் வேலை செய்தவர். ராக்கெட்காரர் பியானோவுக்கு வந்தார் என்பதை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை.

எது சிறந்தது என்று கேட்டீர்கள். விற்பனையாளர்கள் இருபது ஆண்டுகள் இதைப் பற்றிச் சண்டையிட்டார்கள். பிறகு வானொலி வந்தது, 1925இல் மின்வழி இசைத்தட்டுப் பதிவு வந்தது, 1929இல் பங்குச்சந்தை சரிந்தது. 1932இல் டுவோ-ஆர்ட்காரரும் அம்பிகோக்காரரும் ஒரே நிறுவனமாகிவிட்டார்கள். பழுதுபார்ப்பவன் என்ற முறையில் என் ஓட்டு டுவோ-ஆர்ட்டுக்கு. ஏதாவது கெட்டுப்போனால் எந்தத் துருத்தி என்று எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம்.

மிதிப்பெடல்களையும் அதுவே இயக்குமா? (நாகர்கோவில்)

இயக்கும். ஆனால் நீட்டிப்புப் பெடல் முழுதாக அழுந்தும், அல்லது முழுதாக விடுபடும். கலைஞர்கள் செய்யும் அரைப்பெடல் அதற்கு வராது. அந்த இடங்களில் சுருளைத் தயாரித்தவர்கள் சுரத் துளையையே நீளமாக வெட்டிச் சமாளித்தார்கள்.

ராக்மானினாஃப், மாலர், டெபுஸி போன்ற மேலைநாட்டு இசையமைப்பாளர்கள் வாசித்ததை இந்தச் சுருள்களில் அப்படியே கேட்கலாம் என்கிறார்கள். நம்பலாமா? (சென்னை மயிலாப்பூர் வாசகர்)

பாதியை நம்புங்கள், ஐயா. எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

கலைஞர் எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார், எப்போது விட்டார் என்பதைப் பதிவது எளிது. கட்டைக்கு அடியில் மின்தொடர்பு வைத்து, ஓடும் காகிதத்தில் கோடு விழச் செய்தால் முடிந்தது. இதில் மூன்று நிறுவனங்களும் நன்றாகவே செய்தன.

எவ்வளவு பலமாக அழுத்தினார் என்பது வேறு கதை. நியூயார்க்கில் டுவோ-ஆர்ட் பதிவின்போது, கலைஞர் வாசிக்க வாசிக்க ஒரு பதிவாளர் அருகே உட்கார்ந்து, கேட்பதற்கு ஏற்பக் குமிழ்களைத் திருப்பி ஒலி நிலைகளைப் பதிவார். பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர் கிரியரி வுட்ஸ். சுருளில் நீங்கள் கேட்கும் ஏற்ற இறக்கம் முதலில் அவருடைய காது. பிறகுதான் கலைஞரும் அவருமாகச் சேர்ந்து செய்த திருத்தம். அம்பிகோவில் முதல் ஆண்டுகளில் இசைப் பயிற்சி பெற்ற தொகுப்பாளர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டு துளைகளைப் போட்டார்கள். ஹிக்மன் வந்த பிறகுதான், கம்பியைத் தொடுமுன் கடைசிச் சிறு தூரத்தைச் சுத்தியல் எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று மின்பொறியால் அளந்தார்கள். வெல்டேக்காரர்கள் ஒலியின் அளவை எப்படிப் பிடித்தார்கள் என்பதை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஃப்ரைபுர்க் தொழிற்சாலை 1944 நவம்பர் 27 குண்டுவீச்சில் அழிந்தது. அந்தக் கேள்விக்கு இன்றும் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

தவறான சுரங்களையும் விட்டுவைக்கவில்லை. வேண்டாத துளையை ஒட்டி அடைத்துவிட்டு, பக்கத்தில் சரியான துளையை வெட்டினார்கள். கலைஞர் ஒப்புதல் கையெழுத்துப் போட்டுத்தான் சுருள் வெளியானது. அதை அவருடைய பதிவு என்பதைவிட, அவர் சரிபார்த்த பிரதி என்று சொல்வேன்.

இதனால் சுருள்கள் பயனற்றவை என்று நினைத்துவிடாதீர்கள். டெபுஸி 1910களின் தொடக்கத்தில் வெல்டேக்காகத் தன் படைப்புகளை வாசித்தார். அவற்றில் ஒன்று, கடலுக்குள் மூழ்கிய தேவாலயத்தைப் பற்றிய முன்னிசை. அச்சிட்ட தாளில் இல்லாத ஒன்றை அவர் அதில் செய்கிறார்: சில பகுதிகள் வந்ததும் துடிப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடுகிறார். தாளை மட்டும் பார்த்து வாசித்தவர்கள் அந்தப் பகுதிகளைப் பாதி வேகத்தில் இழுத்து இழுத்து வாசித்துவந்தார்கள். சுருளை ஓட்டும் வேகம் தவறாக இருக்கலாமே என்று ஒருவர் வாதிடலாம். ஒரே சுருளுக்குள் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் உள்ள விகிதம், எந்த வேகத்தில் ஓட்டினாலும் மாறாது. காற்று கசிந்தாலும் மாறாது. பதிவாளரின் காது எப்படி இருந்தாலும் மாறாது. இந்த மாதிரிச் சான்றைத்தான் நான் சுருளில் தேடுவேன்.

மாலர் 1905 நவம்பர் 9 அன்று லைப்சிக் நகரில் நான்கு சுருள்கள் வாசித்தார். அவர் வாசிப்புக்கு வேறு பதிவே கிடையாது. 1824இல் பிறந்த ஜெர்மானியப் பியானோ கலைஞர் ரைனெக்கேயும் வெல்டேக்கு வாசித்திருக்கிறார். அந்தத் தலைமுறை காலத்தை எப்படி நெகிழ்த்தியது, இடது கையும் வலது கையும் எவ்வளவு தாராளமாகப் பிரிந்து நடந்தன என்பதற்கு இவற்றில் நேரடிச் சாட்சி இருக்கிறது. "மாலரின் தொடுகை எவ்வளவு மென்மை" என்று உருகுகிறவர்களிடம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்த மென்மை எந்தப் பழுதுபார்ப்பவர் எந்தத் திருகை எவ்வளவு திருப்பினார் என்பதையும் பொறுத்தது.

ராக்மானினாஃப் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். 1919 முதல் அம்பிகோவுக்கும் வாசித்தார், இசைத்தட்டுகளும் கொடுத்தார். ஒரே படைப்பு இரண்டிலும் இருக்கும் இடங்களில் ஒப்பிட்டுக் கேளுங்கள். தட்டில் கரகரப்புக்கு நடுவே ஒவ்வொரு விரலுக்கும் வெவ்வேறு கனம் இருப்பது தெரியும். சுருளில் கரகரப்பு இல்லை. அந்தக் கனமும் முழுதாக இல்லை.

தோடி ராகத்தைச் சுருளில் போட்டு வாசிக்க வைக்க முடியுமா? (கும்பகோணம்)

சுருளில் குறை இல்லை. பியானோவில்தான். அடித்த கம்பியை அதற்குப் பிறகு அசைக்க வழி இல்லாத கருவியிடம் கமகத்தைக் கேட்கக் கூடாது.

ஒவ்வொரு விரலின் கனமும் சுருளில் முழுதாக வராத குறையை, டிஸ்க்ளேவியர், ஸ்பிரியோ போன்ற இன்றைய தானியங்கிப் பியானோக்கள் தீர்த்துவிட்டனவா? (சிங்கப்பூர் வாசகி)

பெருமளவுக்குத் தீர்த்துவிட்டன. இவற்றில் காற்று இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு மின்காந்தச் சுருள், ஒவ்வொன்றுக்கும் தனி விசை. திருச்சி ஆசிரியை கேட்ட 88 தனி விசைகள் 1980களில்தான் முறையாகக் கைகூடின. யமஹாவின் டிஸ்க்ளேவியரும், வெய்ன் ஸ்டான்கே என்ற பொறியாளர் போசென்டார்ஃபர் பியானோ நிறுவனத்துக்காக வடிவமைத்த கருவியும் அந்தப் பத்தாண்டில் வந்தவை. 2015இல் வந்த ஸ்பிரியோவில் சுத்தியலின் வேகத்துக்கு 1,020 நிலைகள், நொடிக்கு 800 முறை அளவீடு என்று ஸ்டைன்வே சொல்கிறது. பெடலுக்கு 256 நிலைகள். நாகர்கோவில்காரருக்கு அரைப்பெடல் மட்டுமல்ல, கால்பெடலும் கிடைக்கும்.

ஆனால் இறந்தவர்களை இவை மறுபடி அளக்க முடியாது. ராக்மானினாஃபின் அம்பிகோ சுருள்களை இதே ஸ்டான்கே கணினித் தரவாக மாற்றி போசென்டார்ஃபரில் வாசிக்க வைத்தார். கசிவு, தேய்மானம், வால்வின் தாமதம் எல்லாம் நீங்கிய அருமையான வேலை அது. அதிலும் ஒலியின் அளவு சுருளில் என்ன இருந்ததோ அதுதான். ஆயிரம் படி வைத்த ஏணியில் சில படிகளைத்தான் பயன்படுத்த முடிந்தது.

லண்டனில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் பழைய ஸ்டெக் பியானோ வாங்கினோம். நடுவில் சுருள் மாட்டும் கதவு இருக்கிறது. இயக்கினால் எல்லாச் சுரமும் ஒரே சத்தத்தில் இடிக்கிறது. மெல்ல வாசிப்பதே இல்லை. சுருதி கூட்ட வந்தவர், உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடுங்கள், பியானோ இலகுவாகும் என்கிறார். செய்யலாமா? (ஹாரோ வாசகி)

செய்யாதீர்கள், அம்மா. அவர் முதுகு வலிக்கு யோசனை சொல்கிறார்.

ஸ்டெக் என்பது ஏயோலியன் நிறுவனத்தின் பெயர்களில் ஒன்று. மேற்கு லண்டனில் ஹேய்ஸ் என்ற இடத்தில், உங்கள் ஹாரோவுக்குச் சில மைல் தொலைவில், அவர்களுக்குத் தொழிற்சாலை இருந்தது. கீழ்ப்பலகையையும் மேல்பலகையையும் திறந்து பாருங்கள். நான்கு நான்காக அடுக்கிய குட்டித் துருத்திகள் இரண்டு தொகுதி தெரிந்தால், உங்களிடம் இருப்பது டுவோ-ஆர்ட். அவை இல்லாமல் காலால் மிதிக்கும் துருத்தி மட்டும் இருந்தால் சாதாரணப் பியானோலா. அதுவும் வைத்துக்கொள்ளத் தகுந்ததே.

ஒரே சத்தத்தில் இடிக்கிறது என்பது உண்மையில் நல்ல அறிகுறி. உறிஞ்சும் விசை இருக்கிறது, வால்வுகள் வேலை செய்கின்றன. அதைக் குறைக்கும் பகுதி மட்டும் உறங்குகிறது. அடுக்குத் துருத்திகளின் ரப்பர் பூசிய துணி காய்ந்து வெடித்திருக்கும், அல்லது கட்டுப்பாட்டுத் துருத்தியின் வில் (ஸ்பிரிங்) யாராலோ இறுக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இத்தகைய பியானோலாக்களையே பழுதுபார்க்கும் ஆட்கள் இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறார்கள். சுருதி கூட்டுபவர் வேறு, இவர்கள் வேறு.

ஆள் வந்ததும் கேட்க வேண்டியது: எல்லாத் துருத்திகளும் ஓய்வில் இருக்கும் நிலையில், சோதனைச் சுருள் போட்டுக் கூட்டுச்சுரங்களை ஒலிக்க வைக்கச் சொல்லுங்கள். ஒரு சுரமும் விட்டுப்போகாமல், இதற்குமேல் மெல்ல ஒலித்தால் விட்டுப்போகும் என்ற எல்லையில் துணையின் அளவை நிறுத்த வேண்டும். மெட்டின் அளவு அதைவிட இம்மியளவு மேலே. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மீதிப் படிகள் தாமாக அமையும். 'கொஞ்சம் சத்தமாகவே இருக்கட்டும், நம்பகமாக ஓடும்' என்று அவர் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். இங்கிலாந்தில் செய்த ஏயோலியன் கருவிகளில் காற்றுக் குழாய்கள் பலவும் ஈயத்தால் ஆனவை. அவற்றின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஊதவோ துடைக்கவோ வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவும் வேண்டாம். பலகையை மூடிவிட்டு, வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.